அறுபதைத் தாண்டும் ஆண் உடம்பு

(சேலம் சூரமங்கலத்தில் ஓய்வூதியர்கள் கூட்டமொன்றில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் முதலில் என்னிடம் கேட்டது சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு. சர்க்கரையைப் பற்றி நீங்கள் கேட்காத பேச்சு இல்லை. அதனால் தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்றேன். வயதாகும்போது ஆண்களின் உடம்பில் ஹார்மோன்கள் எப்படி மாறுகின்றன, அதனால் என்ன நடக்கிறது, என்ன நடப்பதில்லை என்று பேசுகிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினார்கள். பெண்களும் வருவார்களே என்றார்கள். அவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னேன். இன்று முன்வரிசையிலேயே அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி நம் வீடுகளில் ஏதோ ஒரு வகையில் பேச்சு உண்டு. அக்கா தங்கையிடம் சொல்வாள். நாத்தனார் நாத்தனாரிடம் சொல்வாள். உடம்பு காந்துகிறது, தூக்கம் பிடிப்பதில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், ‘அந்த வயசுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்ல ஒரு ஆள் கிடைப்பாள். ஆணுக்கு அந்த ஆள் இல்லை. ஜங்ஷன் எதிரே டீக்கடையில் கூடி நாட்டு நடப்பையெல்லாம் அலசுகிற நாலு பேர், தங்கள் உடம்பு மாறுவதைப் பற்றி ஒருவருக்கொருவர் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் நோய் வளர்கிறது. அந்த மௌனத்தை நம்பி ஒரு பெரிய வியாபாரமும் நடக்கிறது. இந்த இரண்டையும் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இழந்த இளமையைத் திரும்பப் பெறும் ஆசை மனிதனுக்குப் புதிதல்ல. நமக்குப் பக்கத்திலேயே நிற்கும் கஞ்சமலைக்கு அப்படி ஒரு கதை உண்டு. அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்டிருப்பீர்கள். மலைக்கு மூலிகை தேடி வந்த இடத்தில், முதியவர் ஒருவர் சோறு பொங்கும்போது கைக்குக் கிடைத்த ஒரு குச்சியால் கிளற, சோறு கறுத்துப்போயிற்று. அந்தச் சோற்றைத் தின்ற அவர் இளைஞராகிவிட்டார் என்பார்கள். மகாபாரதத்தில் யயாதி தன் முதுமையை மகன் புருவிடம் கொடுத்துவிட்டு அவனுடைய இளமையை வாங்கிக்கொண்டான். நெடுங்காலம் அனுபவித்தும் ஆசை அடங்கவில்லை என்று கடைசியில் திருப்பிக் கொடுத்தான்.

சூட்சுமம் விரையில் இருக்கிறது என்பதை நம் விவசாயிகள் எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். காயடித்த மாடு ஏருக்கும் வண்டிக்கும் பணியும். காயடிக்காதது பொலிகாளையாக நிற்கும். ஆனால் விரையிலிருந்து உடம்பு முழுவதற்கும் செய்தி எப்படிப் போகிறது? இதற்கு முதல் விடை 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கிடைத்தது. அர்னால்டு பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். விரையை அகற்றிய சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை. அவை சரியாகக் கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அகற்றிய விரையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்தபோது, பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலேயே அந்தச் சேவலுக்குக் கொண்டை வளர்ந்தது, கூவலும் வந்தது. அப்படியானால் செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் போகவேண்டும். ஹார்மோன் என்ற பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஹார்மோன் வேலை செய்யும் விதத்தைக் காட்டிய சோதனை இது.

நாற்பது வருடம் கழித்து, 1889இல், பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற பெரும் விஞ்ஞானி, தம் 72ஆம் வயதில் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். கை வலு கூடிவிட்டது, சிறுநீர் முன்னைவிட வேகமாகப் போகிறது என்று அளந்துபார்த்து அறிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாற்றை அவர் செய்த முறையிலேயே பிற்காலத்தில் தயாரித்துச் சோதித்தபோது, உடம்பில் வேலை செய்யும் அளவுக்கு அதில் ஹார்மோன் இல்லை என்று தெரிந்தது. நம்பிக்கை செய்த வேலை அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்த லேகியம் சாப்பிட்டேன், தெம்பாக இருக்கிறது’ என்று உங்கள் நண்பர் சொன்னால், அவரும் பொய் சொல்லவில்லை.

உண்மையான பொருள் கையில் சிக்கியது 1935இல். ஆம்ஸ்டர்டாமில் லக்கூர் என்பவரின் குழு, சுமார் 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது. அதே வருடம் ஜெர்மனியில் பூட்டனான்ட்டும் ஸ்விட்சர்லாந்தில் ருசிக்காவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939இல் இருவருக்கும் நோபல் பரிசு. 100 கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கைக் கவனியுங்கள். எவ்வளவு கொஞ்சம் போதும் இந்தப் பொருள், ஒரு ஆணை ஆணாக்க!

இனி உடம்புக்குள் வருவோம். மூளையின் அடியில் ஹைபோதாலமஸ் இருக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு கொடுக்கிறது. பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது விரைக்குப் போய் அங்குள்ள லேடிக் செல்களை வேலை வாங்குகிறது. அவை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் அது போதுமான அளவு ஏறியதும் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்கிறது. மீசை, குரல், தசை, எலும்பு, சிவப்பணு, விந்து, ஆசை, ஓரளவுக்கு மனத்தெம்பு எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

பெண்ணுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயதையொட்டிச் சில ஆண்டுகளுக்குள் சினைப்பை வேலையை நிறுத்திவிடுகிறது. மேட்டூர் அணையின் மதகை இறக்கி மூடுவது மாதிரி. ஆணுக்கு மதகை யாரும் மூடுவதில்லை. திறந்துவிடும் கனஅடி மட்டும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் குறைந்துகொண்டே வரும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைவதாகப் பொதுவாகச் சொல்லலாம். லேடிக் செல்களின் எண்ணிக்கை குறைகிறது, மேலிருந்து வரும் உத்தரவும் மந்தமாகிறது. கூடவே, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் வயதோடு கூடுகிறது. அதனால் கட்டில்லாமல் சுற்றி வேலை செய்யும் டெஸ்டோஸ்டிரோன் இன்னும் சற்று வேகமாகக் குறைகிறது. ஆனாலும் எண்பது வயது ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரந்துகொண்டேதான் இருக்கும், விந்தும் உற்பத்தியாகும்.

மற்ற ஹார்மோன்களும் சும்மா இருப்பதில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் டி.எச்.இ.ஏ. எழுபது, எண்பது வயதில் இளமையில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் குறைகிறது. இவற்றையெல்லாம் ஊசியாகவோ மாத்திரையாகவோ ஏற்றிக்கொண்டால் இளமை திரும்பும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. இவற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 வயது முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைப் பரிசோதித்து, 2010இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்து, அதனுடன் சேர்ந்து வரும் தாம்பத்தியக் குறைகளும் இருந்தவர்கள் எத்தனை பேர்? 2.1 சதவீதம். எழுபதுகளில் இருந்தவர்களிடம் பார்த்தாலும் 5.1 சதவீதம்தான். அங்கே நூற்றுக்கு இரண்டு பேர் என்றால், இங்கே சோர்வு, தொந்தி, எரிச்சல், ஆசைக்குறைவு என்று வரும் எல்லோருக்கும் ஹார்மோன் தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சொல்லக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோனை வேறு ஏதோ ஒன்று கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. அல்லது ஹார்மோன் சரியாகவே இருக்க, வேறு நோய் உடம்பை வாட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் குற்றவாளி தொந்தி. வயிற்றுக் கொழுப்பை வெறும் சேமிப்பு என்று நினைக்காதீர்கள். அதில் அரோமட்டேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடயோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக்கூட மூளையிலிருந்து விரைக்கு வரும் உத்தரவும் அமுங்குகிறது. அதனால்தான் தொந்தியோடு சர்க்கரையும் உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பது அதிகம். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு அப்படி இருந்தது. தமிழ்நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 14.4 சதவீதம் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. சர்க்கரைப் பேச்சு வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அது எந்த வாசல் வழியாகவும் உள்ளே வந்துவிடுகிறது. இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. எடையைக் குறைத்தால், ஊசி இல்லாமல், மாத்திரை இல்லாமல், டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுகிறது.

இரண்டாவது தூக்கம். டெஸ்டோஸ்டிரோன் அதிகமாகச் சுரப்பது இரவில், நாம் தூங்கும்போது. சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டது. 2011இல் வந்த ஆய்வு இது. இளைஞர்களுக்கு ஒரு வாரத்தில் இவ்வளவு என்றால், முப்பது வருடம் ரயிலில் ரன்னிங் ஸ்டாஃபாக இருந்து நடுராத்திரி டியூட்டி பார்த்தவர்களையும், சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர்களையும் நினைத்துப்பாருங்கள். குறட்டையும் இதில் சேர்த்தி. பெரும் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கென்று விழித்து, மறுபடி தூங்குகிறவரின் உடம்பு எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கியதாகாது. இதை முதலில் கவனிப்பது பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு அப்படி மூச்சு நிற்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது மது. ஈரல் கெட்டால் பெண் ஹார்மோன் உடம்பில் தங்கும். மார்பு தடித்து விரை சுருங்கிய நோயாளிகளை வார்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காவது மருந்துகள். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நீண்டகாலம் எடுக்கும் ஸ்டீராய்டு, கடும் வலிக்கான ஓபியம் வகை மாத்திரைகள், சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், சில மனநல மாத்திரைகள் இவற்றால் ஹார்மோனோ தாம்பத்தியமோ பாதிக்கப்படலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களாக என் அறையில் நடப்பது இது. அறுபது வயதுக்காரர் ஒருவர் வருவார். முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். பிரஷர் பார்ப்பேன், மாத்திரை எழுதிக்கொடுப்பேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போவார். கதவுத்திரையை ஒரு கையால் விலக்கியவர் அப்படியே நின்று, வெளியே யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, “ஏனுங்க டாக்டர், இன்னொண்ணு கேக்கணும்ங்க… சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க” என்பார். அவர் வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான். உட்காரச் சொல்வேன். ஒரு வருடமாக, இரண்டு வருடமாக உறுப்பு விறைப்பதில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். வயசாயிடுச்சு, இனிமேல் என்ன என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார்.

ஐயா, அந்தப் பதில் ஆபத்தானது. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிகிற நோய் வந்தால், சிறிய குழாயில்தான் முதலில் அடைப்பு தெரியும். விறைப்புக் குறைந்தவர்களில் பலருக்கு அதற்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து வருடங்களுக்குள் நெஞ்சுவலி வருவதை மருத்துவ உலகம் நன்றாகவே கண்டிருக்கிறது. அதாவது, மாரடைப்பு சில வருடம் முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புகிறது. அந்த எச்சரிக்கையை வெட்கத்தினால் மறைத்துவிடுகிறோம். சொல்லியிருந்தால் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், இ.சி.ஜி. பார்த்திருக்கலாம். புகையை விட்டிருக்கலாம். உயிர் நின்றிருக்கும். விறைப்புக் குறைவது அந்தரங்கமான சங்கதி என்பது உண்மை. ஆனால் அது இதயநோய் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியும்தான்.

சொல்லாதவர் எங்கே போகிறார்? சுவரொட்டியைப் பார்த்துப் போகிறார். பஸ்ஸில் கொடுத்த நோட்டீஸைப் பார்த்துப் போகிறார். மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் முகாம் என்று போட்டிருக்கும். அங்கே போனால் லேகியம், சூரணம், எண்ணெய் என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கட்டிக்கொடுப்பார்கள். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்ல வரவில்லை. படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாகப் போங்கள். நான் சொல்வது ஊர் ஊராக அறை எடுத்துத் தங்கும் வியாபாரிகளை. தாம்பத்திய சக்தியைக் கூட்டுவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும் சுவரொட்டி ஒட்டப்படுகிறதே என்றால், ஏமாந்தவர் யாரும் போலீஸுக்குப் போய்ப் புகார் கொடுப்பதில்லை. எப்படிக் கொடுப்பார்? அந்த வெட்கம்தான் அவர்களுடைய மூலதனம்.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம், உயிர் போகக்கூடாது. ‘முழுக்க மூலிகை’ என்று விற்கப்படும் இத்தகைய பொருட்களில் சில்டெனஃபில் என்ற அலோபதி மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. 1998இல் சந்தைக்கு வந்த சில்டெனஃபில் நல்ல மருந்து. மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பலருக்குப் பயன்படும். ஆனால் நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். இதயநோயாளி லேகியம் என்று நினைத்து எதை விழுங்குகிறார் என்பது அவருக்கும் தெரியாது, அவசரச் சிகிச்சைக்கு வந்தால் எங்களுக்கும் தெரியாது.

சரி, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். பார்க்கலாம்; முறையாகப் பார்க்க வேண்டும். ஒருவர் கொண்டுவந்த ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோனுக்கு நேரே ‘லோ’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. மனிதர் உடைந்துபோயிருந்தார். ரிப்போர்ட்டின் மேல்மூலையில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், மதியச் சாப்பாடு முடித்து. டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் இறங்கும். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொன்னேன். சாதாரண அளவுக்குள் இருந்தது. காலை பத்து மணிக்கு முன்னால், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை. இதுதான் முறை. இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கும் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும். அப்போதும் எல்.எச்., புரோலாக்டின், தைராய்டு பார்த்து, கோளாறு விரையிலா பிட்யூட்டரியிலா என்று கண்டுபிடித்த பிறகே சிகிச்சை. பிட்யூட்டரியில் கட்டி இருந்து அதனால் குறைந்திருப்பதும் உண்டு.

சிகிச்சை யாருக்குப் பயன்படும் என்பதிலும் இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 790 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் ஜெல் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2016 முதல் வெளிவந்தன. ஆசையும் விறைப்பும் ஓரளவு கூடின. மனநிலை சற்று மேம்பட்டது. உற்சாகத்தில் சொல்லத்தக்க பெரிய மாற்றம் இல்லை, ஞாபகசக்தியும் கூடவில்லை. ரத்தசோகை சிலருக்குக் குறைந்தது. ஆனால் இதயக் குழாய்களில் படிவு அதிகமாகியிருந்தது. அதனால் எழுந்த அச்சத்தைத் தீர்க்க, இதயநோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகவில்லை என்பது நிம்மதி. ஆனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோயும், நுரையீரலில் ரத்தம் உறைவதும், சிறுநீரகப் பாதிப்பும் சற்றுக் கூடின. எலும்பு வலுப்படும் என்று எதிர்பார்த்தார்கள். மறுவருடம் வெளியான பகுதியில், மருந்து எடுத்தவர்களிடம் எலும்பு முறிவு கூடுதலாக இருந்தது. உண்மையாகவே குறைபாடு உள்ளவருக்கு இது வரப்பிரசாதம். குறைபாடு இல்லாதவர் தெம்புக்காகப் போட்டுக்கொள்வது வம்பை விலைக்கு வாங்குவது.

புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் இந்தச் சிகிச்சை கூடாது. அந்தப் புற்றுக்கு ஆண் ஹார்மோன் தீனி என்பதை 1941இல் நிரூபித்ததற்காகத்தான் சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் கிடைத்தது. ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருப்பவர்களுக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் கூடாது. ஜிம்முக்குப் போகும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்து உற்பத்தி நின்றுபோகும். குழந்தை வேண்டும் என்றிருப்பவர் தொடவே கூடாது. ஜெல் தடவுகிறவர் கை கழுவாமல், தடவிய இடத்தை மூடாமல் பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடாது. அது குழந்தையின் தோலில் ஏறி, வயதுக்கு மீறிய மாற்றங்களை உண்டாக்கியிருக்கிறது.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம். எலும்பு தேய்வது பெண்களின் நோய் என்ற எண்ணம் தவறு. 1994இல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 204 சென்டிமீட்டர் உயரம், அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்பெல்லாம் வலுவிழந்திருந்தது. அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவில்லை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அவர் உடம்பில் வேலை செய்யாததுதான் கோளாறு. ஆணின் எலும்புக்கும் அந்தத் துளி ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. இடுப்பெலும்பு முறிந்தால் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். குளியலறையில் கைப்பிடி போடுங்கள். வழுக்கும் தரையை மாற்றுங்கள்.

புராஸ்டேட் வீக்கம் அறுபது வயதில் இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருப்பது, முக்கி முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாக வருவது இருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். மருந்திலேயே பெரும்பாலும் சரியாகும்.

தசைக்கு மட்டும் மருந்துக்கடையில் எதுவும் தேட வேண்டாம். தினமும் நடக்கிறீர்கள், நல்லது. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. கனம் தூக்க வேண்டும். சூரமங்கலம் உழவர் சந்தைக்கு ஸ்கூட்டரில் போகாமல் நடந்து போய், இரண்டு கையிலும் காய்கறிப் பை தூக்கி வாருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். புரதம் வேண்டும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லை ஒட்டி இருந்துகொண்டு, அறுபது வயதாகிவிட்டது என்று முட்டையை நிறுத்திவிட்டு இரண்டு வேளை ரசஞ்சோறு சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை ஆகாதவர்களுக்குக் கொள்ளு, மொச்சை, பச்சைப்பயறு, நிலக்கடலை, தயிர். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

கடைசியாக மனசு. ஓய்வு பெற்ற வருடத்தில் எத்தனையோ பேர் எரிந்து விழுகிறார்கள், எதிலும் பிடிப்பில்லாமல் போகிறார்கள். ஹார்மோன் குறைந்துவிட்டது என்று ஒருவர் பரிசோதனைக்கு வருகிறார். விசாரித்தால் அவருக்கு மனச்சோர்வு. நாற்பது வருடம் அவரைத் தேடி வந்த தொலைபேசி மணி நின்றுபோயிருக்கிறது. மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, அது குணமாகும். சில சமயம் தைராய்டோ, வைட்டமின் பி12 குறைவோ இதே வேஷத்தில் வரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தாய்மார்களே, அவர் முன்னைப்போல இல்லை என்று முதலில் உணர்கிறவர் நீங்கள். என் மேல் பிரியம் போய்விட்டது என்று எண்ணி மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அது நோயாக இருக்கலாம்.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. இந்தியாவில் முதன்முதலாக 1978லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதை வளர்த்த டாக்டர் வ.செ. நடராஜன் அந்தத் துறையில் நாட்டின் முதல் பேராசிரியர். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். அறுபது வயதைத் தாண்டிய ஆணிடம் கேட்கும் கேள்விகளோடு, தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சேர்க்கட்டும். கேட்கிறவர் கேட்டால் சொல்கிறவர் சொல்வார்.

அரசு கேட்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். முழங்கால் வலியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இதை முதலில் சொல்லுங்கள்.